மீண்டவர்களை எங்கே உட்காரவைப்பது?

கேள்வி இது: "வட மாவட்டம் ஒன்றில் கொத்தடிமை மீட்பு, மறுவாழ்வுப் பணி செய்யும் சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். நிதி தருபவர்கள் இந்த வருடத்திலிருந்து, மீண்டவர்களின் வாழ்வனுபவத்தை வேலையின் எல்லா நிலையிலும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிப்ரவரி 9, கொத்தடிமை முறை ஒழிப்பு நாள் நிகழ்ச்சியில் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேரைப் பேச வைக்கிறோம். அது போதாதா? இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்."

போதாது. ஏன் போதாது என்று சொல்லிவிட்டு, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். இந்த வேலையில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். முதல் ஆறேழு வருடம் நானும் உங்களைப் போலத்தான் செய்தேன். மைக்கைக் கையில் கொடுத்து, "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா" என்பேன். அவர் அழுவார், கூட்டமும் அழும், சால்வை போர்த்தி அனுப்புவோம். மறுநாள் நாங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கான திட்டம் போடுவோம். அந்த அறையில் அவர் இருக்கமாட்டார்.

என்னை மாற்றியது ஒரு விசாரணை. அதை விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு செங்கல் சூளையிலிருந்து ஏழு குடும்பங்களைக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். எல்லோரும் இருளர்கள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் மடியில். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர், உண்மையாகவே உதவ நினைத்தவர். ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"அடிச்சாங்களா?"

"இல்லைங்க."

"பூட்டி வெச்சாங்களா?"

"இல்லைங்க."

"வெளிய போக விடமாட்டாங்களா?"

"போவோங்க. வாரச் சந்தைக்குப் போவோம்."

"காசு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

நான்கு கேள்வி, நான்கு பதில். கொத்தடிமை இல்லை என்று எழுதி முடிக்க அதுவே போதும். எங்களோடு உதவிக்கு ஒரு அம்மா வந்திருந்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு அரிசி ஆலையிலிருந்து விடுதலையானவர். தண்ணீர் கொடுக்கவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும்தான் அவரைக் கூட்டி வந்திருந்தோம். அவர் எழுந்து, "ஐயா, நான் ரெண்டு கேக்கட்டுங்களா?" என்றார். அதிகாரி தலையசைத்தார். அந்த அம்மா நாற்காலி பக்கம் போகவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் தரையிலேயே குந்தினார்.

"சந்தைக்கு யாரு போவீங்க?"

"நான் போவேன். இல்லாட்டி அவரு போவாரு."

"ரெண்டு பேரும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுச் சேந்து போனதுண்டா?"

பதில் இல்லை.

"பொங்கலுக்கு ஊருக்குப் போனியா?"

"போனேன். பெரிய பையன விட்டுட்டுப் போகச் சொன்னாங்க."

"காசு குடுத்தாங்கன்னியே, அது கூலியா, சாப்பாட்டுக் காசா?"

"வாரா வாரம் சாப்பாட்டுக் காசு. கூலிய கடைசில அட்வான்ஸ்ல கழிப்பாங்க."

"போன வருசம் கணக்கு முடிச்சப்ப கையில என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. இன்னும் பாக்கி இருக்குன்னாங்க. அதான் இந்த வருசமும் வந்தோம்."

அதிகாரி அதுவரை எழுதியதை அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையும் பூட்டையும் தேடச் சொல்லவில்லை. முன்பணம் வாங்கியதால் ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையையோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, உரிய கூலியையோ இழந்திருந்தால் அவர் கொத்தடிமை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக்கூட, 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அது முன்பணத்துக்காகவே நடக்கிறது என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என, பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதை ஒரு மனுஷியின் வாழ்க்கையோடு சேர்க்கும் கேள்விதான் எங்களிடம் இல்லை. எனக்குத் தெரியாது, சட்டம் படித்த அதிகாரிக்கும் தெரியாது. தானும் ஒரு காலத்தில் பிள்ளையைப் பிணையாக விட்டுவிட்டு ஊருக்குப் போன அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் வேர் இதுதான். வாழ்வனுபவம் என்றதும் நாம் துயரத்தை நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அது தொழிலறிவு. அட்வான்ஸை எந்த மாதத்தில் கொடுப்பார்கள், முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் மேஸ்திரி எந்த வீட்டில் வந்து உட்காருவான், கணக்கு நோட்டு யார் கையில் இருக்கும், ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் யாருக்கு முதலில் போன் போகும், இந்த நேரத்தில் கேட்டால் உண்மை வரும், இந்த நேரத்தில் வராது. எத்தனை பயிற்சி வகுப்பு போனாலும் இதை யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். அந்த அறிவை வைத்திருப்பவரை மேடையில் அழ வைத்து அனுப்பிவிட்டு, அது இல்லாத நாம் திட்டம் போடுகிறோம்.

ஆகவே அவர்கள் எந்த இடத்தில் வேண்டும் என்றால், முடிவு எடுக்கப்படும் இடத்தில், அந்த முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னால்.

மீட்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல சூளைகளில் கல் அறுப்பு நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குத் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் அறுத்து முடித்தாக வேண்டும். நாம் அலுவலக நேரம் பார்த்துப் பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் போய் இறங்கினால், அலுத்துப்போய்க் குடிசையில் படுத்திருப்பார்கள். "பாருங்க சார், தூங்கறாங்க, யாரு கட்டாயப்படுத்தறாங்க?" என்பார் சூளைக்காரர். இதைத் திட்டக் கூட்டத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதே போல, எங்களோடு கூட்டத்தில் உட்கார ஆரம்பித்த ஒருவர் முதல் நாளே கேட்டது: "ரேஷன் கார்டு முதலாளி ரூம்ல இருக்குமே, அத வாங்கிட்டுத்தான வண்டி ஏத்துவீங்க?" அதுவரை நாங்கள் அதை யோசித்ததே இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், அலைந்து திரிந்து வாங்கிய சாதிச் சான்றிதழ் எல்லாம் அட்வான்ஸுக்கு ஈடாக ஆலையிலேயே கிடக்கும். ஆட்களை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டு, அப்புறம் ஒரு வருடம் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்போம். இருளர் குடும்பத்துக்கு எஸ்.டி. சான்றிதழ் வாங்குவது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடும் கோழியும் அப்படித்தான். வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒரு பாட்டி அடம்பிடித்ததைப் பயம் என்று நினைத்து அரை மணி நேரம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருடைய இரண்டு ஆடுகள் அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தக் குடும்பத்துக்கு உலகத்தில் இருந்த சொத்தே அதுதான். இப்போது எங்கள் மீட்புப் பட்டியலில் ஆடு, கோழி, பாத்திரம், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், கணக்கு நோட்டின் போட்டோ எல்லாம் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

அரசு அமைப்புக்குள்ளேயே ஒரு இடம் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் மாவட்ட விழிப்புக் குழு பற்றிப் படியுங்கள். கலெக்டரோ அவர் நியமிப்பவரோ தலைவர். அந்த மாவட்டத்தில் குடியிருக்கும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த 3 பேரைக் கலெக்டர் நியமிக்க வேண்டும். சமூகப் பணியாளர்கள் 2 பேர் தனி. கோட்ட அளவிலும் இப்படி ஒரு குழு உண்டு. நம் பக்கம் கொத்தடிமை நிலையிலிருந்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் இருளர்கள், இல்லையென்றால் பட்டியல் சாதிக்காரர்கள். அந்த 3 நாற்காலியில் விடுதலையானவர்களே உட்காரலாம், சட்டம் எங்கேயும் தடுக்கவில்லை. புதுச் சட்டம் வேண்டாம், அரசாணை வேண்டாம், ஒரு மனுவும் ஒரு பெயர்ப் பட்டியலும் போதும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அந்த மனுவைக் கொடுங்கள், அப்புறம் விடாமல் போய்க் கேளுங்கள். நிதி தருபவர்களுக்கு நீங்கள் எழுதும் அறிக்கையில் மற்ற எதையும்விட இது கனமாக இருக்கும்.

படிப்பு இல்லாதவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நேபாளத்தைப் பார்க்கச் சொல்வேன். 1996 பிப்ரவரியில் மும்பையின் பாலியல் விடுதிகளில் நடந்த பெரிய சோதனையில் மீட்கப்பட்ட பெண்களில் 200 பேருக்கு மேல் நேபாளிகள். அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள அவர்கள் நாட்டு அரசே தயங்கியது. மாதக்கணக்கில் மும்பைக் காப்பகங்களில் கிடந்த பிறகு, தொண்டு நிறுவனங்கள்தான் ஒரு பகுதியினரை ஊருக்கு அழைத்துப்போயின. ஊரிலும் அவர்களை நோய் கொண்டு வந்தவர்கள் என்றுதான் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் 15 பேர் சேர்ந்து தொடங்கியது சக்தி சமூஹா. கடத்தலில் இருந்து மீண்டவர்கள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்தும் அமைப்பு. பதிவு செய்யப் போனால் குடியுரிமைச் சான்று கேட்டார்கள். அந்தத் தாள் பலரிடம் இல்லை. 2000ஆம் ஆண்டில்தான் பதிவு கிடைத்தது. தொடங்கியவர்களில் ஒருவரான சரிமாயா தமாங், தன்னை விற்றவர்கள் மேல் தானே வழக்குப் போட்டுத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர். 2013இல் சக்தி சமூஹாவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. திரும்பி வரும் பெண்ணுக்குக் காப்பகம் எப்படி இருக்க வேண்டும், அவளிடம் முதல் நாள் என்ன கேட்கக் கூடாது, எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்பதையெல்லாம் அதே வழியில் வந்தவர்கள் முடிவு செய்கிறார்கள். தொடங்கியபோது அவர்கள் கையில் பட்டம் எதுவும் இல்லை.

எழுதத் தெரியாதது உங்கள் கூட்டத்துக்குத் தடையாக இருந்தால், மாற வேண்டியது கூட்டம். நிகழ்ச்சி நிரலைப் படித்துக் காட்டுங்கள். தீர்மானத்தை எழுதியதும் உரக்க வாசித்து, "இதத்தான சொன்னீங்க?" என்று கேளுங்கள். இங்கிலீஷில் ஓடும் ஸ்லைடுகளை நிறுத்துங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் சூளையின் படத்தை மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டுவார். எங்கே குடிசை, எங்கே மேஸ்திரி உட்காருவான், எந்தப் பக்கம் வண்டி போனால் தெரியாது என்று. நான் பார்த்த எந்த அறிக்கையிலும் அவ்வளவு விவரம் இருந்ததில்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் "மீட்கப்பட்டவர்" என்றே எழுதிப் பழகிவிட்டோம். யாரோ போய்த் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி. நான் "மீண்டவர்" என்கிறேன். ஆலையிலிருந்து ராத்திரியில் நடந்தே வந்து மனுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! வந்த பிறகும் விடுதலைச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் வருடக்கணக்கில் அலைந்து, மறுபடி அட்வான்ஸ் வாங்காமல் பல்லைக் கடித்து நின்றவர்கள் எத்தனை பேர்! அந்த உழைப்பெல்லாம் அவர்களுடையது. உங்கள் குழுவில் இருப்பவர்களிடமே கேளுங்கள், என்ன சொல்லி அழைக்கலாம் என்று. ஒருவர் என்னிடம், "கொத்தடிமைன்னே வேணாங்க, சங்கத்து ஆளுன்னு சொல்லுங்க" என்றார். அப்படியே சொல்கிறேன்.

மறுவாழ்வுக்கு வருகிறேன். இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி. 2016இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமையான நிலையிலிருந்து வந்தவர்களுக்கு 3 லட்சம். உடனடி உதவி 20,000 ஆக இருந்தது, 2022இல் 30,000 ஆனது. பெரிய தொகை பெரும்பாலும் வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே நாம் பணத்தின் பின்னாலேயே ஓடுகிறோம். எத்தனை பேருக்குச் சான்றிதழ், எத்தனை பேருக்குத் தொகை, எத்தனை ஆடு, எத்தனை தையல் மெஷின். அறிக்கை நிறைந்துவிடும்.

மீண்டவர்களைக் கேட்டால் என்ன வரும்? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், மீண்டவர்களையும் ஆய்வாளர்களாகவே சேர்த்துக்கொண்டு இதைக் கேட்டார்கள். 2023இல் வந்த அந்தப் பட்டியலில் ஏழு விஷயங்கள்: பாதுகாப்பான, பொருத்தமான வீடு, கடத்தியவரிடமிருந்தும் கொடுமை செய்பவரிடமிருந்தும் பாதுகாப்பு, நடுவில் அறுந்துபோகாத நீண்டகால ஆதரவு, மனக்காயத்தைப் புரிந்து கனிவோடு நடத்தும் சேவை, வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பு, மருத்துவம், கல்வி. பிரிட்டனில் செய்த வேலை, அங்கே நிலைமை வேறு. ஆனால் நம் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டாலும் முதலில் வருவது வீடுதான். "எங்க பேருல ஒரு இடம்." சொந்தமாக நாலு சுவர் இருந்தால் மழைக்காலத்தில் மேஸ்திரி வந்து நிற்கும்போது "வேணாம்" என்று சொல்ல முடியும். ஏரிக்கரைப் புறம்போக்கில் பிளாஸ்டிக் ஷீட் கட்டிக் கிடந்தால் முடியாது. பட்டாவை நாம் மறுவாழ்வின் கடைசிப் படியாக வைத்திருக்கிறோம், அவர்கள் அதை முதல் படி என்கிறார்கள்.

தொழிலும் அப்படித்தான். தையல் மெஷின் கொடுப்போம், ஊறுகாய் போடக் கற்றுக்கொடுப்போம். பிறந்ததிலிருந்து கல் அறுத்தவருக்குக் கல் அறுக்கத் தெரியும். அந்தத் திறமையை அவமானமாக நினைத்து மறைக்கச் சொல்வது நாம்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் 'சிறகு' என்ற பெயரில், விடுதலையான தொழிலாளர்களே நடத்தும் செங்கல் சூளையை மாவட்ட நிர்வாகம் தொடங்கிக் கொடுத்தது. அதே மண், அதே கல், ஆனால் கணக்கு நோட்டு அவர்கள் கையில். எல்லோருக்கும் இது பொருந்தாது, சூளைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்பவர்களும் உண்டு. எது வேண்டும் என்று அவர்களைக் கேட்டபிறகு பொருளை வாங்குங்கள், அவ்வளவுதான்.

மறுவாழ்வுச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று தேசிய அளவில் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்கடத்தல் தடுப்பு மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்குப் போகாமலே 2019இல் காலாவதியானது. அதே 2019இல் பல மாநிலங்களைச் சேர்ந்த மீண்டவர்கள் சேர்ந்து இல்ஃபாட் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். காப்பகத்தில் அடைத்து வைப்பதை மறுவாழ்வு என்று சொல்லாதீர்கள், எங்கள் ஊரில், எங்கள் வீட்டில் இருந்தபடியே உதவி கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் முக்கியமாகக் கேட்பது. நம்மைப் போன்ற அமைப்புகள் பல வருடம் காப்பகங்களைக் கட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே இருந்தவர்களுக்கு அது இன்னொரு பூட்டாக இருந்திருக்கிறது.

இங்கே உங்களை எச்சரிக்க வேண்டும். அவர்களை உள்ளே அழைத்தால், நீங்கள் செய்வது தப்பு என்று சொல்வார்கள். சொல்ல வேண்டும். எங்களிடம் முதலில் சொன்னது, மீட்பு நடக்கும்போது டிவிக்காரர்களைக் கூட்டி வராதீர்கள் என்பது. "அந்த வீடியோவ எங்க சொந்தக்காரங்க பாத்தாங்க. எம்பொண்ணுக்கு மாப்ள பாக்கறப்ப அதக் காட்டினாங்க." டிவியில் வந்தால் அதிகாரிகள் வேகமாக வேலை செய்வார்கள் என்பது எங்கள் கணக்கு, உண்மையும்கூட. இருந்தாலும் நிறுத்தினோம். எங்கள் கையேட்டின் அட்டையில் இருந்த ஒரு சிறுமியின் படத்தையும் எடுத்தோம். படம் எடுத்தபோது அவளுக்கு ஆறு வயது, அவள் அப்பா கைநாட்டு வைத்துச் சம்மதம் கொடுத்திருந்தார். பதினாறு வயதில் அவள் என்னிடம் வந்து, "அது நான்தான்னு என் பள்ளிக்கூடத்துல தெரிஞ்சிடுச்சு" என்றாள். சம்மதம் என்பது ஒருமுறை வாங்கி ஃபைலில் போடும் தாள் இல்லை என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறோம், எந்த நாளும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று சொல்லிவைக்கிறோம், சொன்னால் அன்றே எடுக்கிறோம். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டிருந்தால் பேச்சே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கின்றன.

கூலி விஷயம். இதில் கூச்சப்படாமல் பேசுங்கள். உங்கள் கூட்டத்துக்கு வரும் வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு, பயிற்சியாளருக்கு உண்டு, உங்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரும் அந்த அம்மாவுக்கு டீயும் பிஸ்கட்டும் என்றால், முன்பு அவர் உழைப்பை ஒருவர் விலையில்லாமல் எடுத்துக்கொண்டது போலத்தான் நீங்களும் எடுத்துக்கொள்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன், தெரிந்தேதான் சொல்கிறேன். மற்ற வல்லுநர்களுக்குக் கொடுக்கும் அதே அளவில் கொடுங்கள். பஸ் காசை முன்னாடியே கையில் கொடுங்கள். பில் கொண்டு வாருங்கள், அடுத்த மாதம் அக்கவுண்டில் போடுகிறோம் என்றால் அந்தப் பஸ் காசுக்கு அவர் கடன் வாங்க வேண்டியிருக்கும், யாரிடம் வாங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள்.

அதற்கு மேல் வேலை. கள அலுவலர் பணிக்குப் "பட்டப்படிப்பு கட்டாயம்" என்று விளம்பரம் கொடுக்காதீர்கள். எங்களிடம் மூன்று பேர் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள், ஒருவர் இப்போது வட்டார ஒருங்கிணைப்பாளர். முதலில் அவரை உதவியாளராகவே பல வருடம் வைத்திருந்தோம். ஏன் வைத்திருந்தோம் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

எல்லோரும் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். மறக்க நினைப்பவர்களுக்கு மறக்கும் உரிமை உண்டு. அவர்களைப் போனில் தொந்தரவு செய்யாதீர்கள். வருகிறவர்களிலும் எங்கே போனாலும் அதே ஒருவரை நிறுத்தாதீர்கள். நன்றாகப் பேசும் ஒருவர் கிடைத்துவிட்டால் சென்னைக்கும் டெல்லிக்கும் அவரையே அனுப்பிக்கொண்டிருப்போம், அவரும் அதே கதையைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவார். அரிசி ஆலையிலிருந்து வந்தவருக்குச் சூளை தெரியாது. சவுக்கு வெட்டப் போனவரின் அனுபவம் வேறு. பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்ணுக்காக ஆண்கள் கூடிய குழு பேச முடியாது. பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். சூளையில் நடந்த சில விஷயங்கள் கணவனுக்கு முன்னால் வெளியே வராது.

மனசைப் பற்றியும் யோசியுங்கள். மேலே சொன்ன அம்மா, அந்த விசாரணை முடிந்த ராத்திரி தூங்கவில்லை. பிணையாக விட்டுப்போன தன் பையன் நினைவு வந்துவிட்டது என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். நாங்கள் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம், அவரை யாரும் கேட்கவில்லை. அதிலிருந்து யாரையும் தனியாக அனுப்புவதில்லை, இரண்டு பேராகத்தான் போவார்கள். போகும் முன்பே, நடுவில் எழுந்து வந்துவிடலாம் என்று சொல்லிவிடுகிறோம். மறுநாள் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டலும் வரும். சாட்சி சொல்பவர் அதே தாலுகாவில், சில சமயம் அதே முதலாளியின் சொந்தக்காரர்கள் நடுவில் வாழ்கிறவர். அவரை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் சாயங்காலம் டவுனுக்குத் திரும்பிவிடுவீர்கள். அதனால்தான் தனி ஆளாக வேண்டாம், சங்கமாக வாருங்கள் என்கிறேன். வட மாவட்டங்களில் விடுதலையானவர்களே சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். புது ஆலையில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி மனுக் கொடுப்பதும், வெளியே வந்த குடும்பத்தைச் சான்றிதழ் கையில் வரும் வரை கூட்டிக்கொண்டு அலைவதும் அவர்கள் செய்கிற வேலை. புதுக் குழு ஒன்றை நீங்களாக உண்டாக்கி அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்னால், அவர்களிடம் போய், உங்களுக்கு எங்களால் என்ன ஆக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? பிப்ரவரி 9ஐ விடுங்கள், அப்போது பாதிப் பேர் சீசனுக்குப் போயிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குங்கள். மழையில் வேலை இருக்காது, வீட்டில் அடுப்பு எரியாது, மேஸ்திரி அட்வான்ஸ் பணத்தோடு ஊருக்குள் வரும் காலம் அது. உங்கள் அடுத்த வருடத் திட்டத்தை அச்சடித்துக் கொண்டுபோகாதீர்கள். வெறும் நோட்டோடு போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் மேஸ்திரி வந்தா, வாங்காம இருக்க உங்களுக்கு என்ன வேணும்?" நாங்கள் கேட்டபோது கிடைத்த பதிலில் இருந்துதான் எங்கள் அரிசி வங்கி வந்தது. அந்த இரண்டு மாதத்துக்கு அரிசி கடனாக, வட்டி இல்லாமல். அதை நடத்துவது ஐந்து பெண்கள்.

கூட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்பதையும் அவர்களிடமே விடுங்கள். எங்கள் முதல் கூட்டத்தை மாலை ஐந்துக்கு வைத்திருந்தேன். வந்த பெண்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப முடிப்பீங்க? எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு ஆறரைக்கு." அன்றிலிருந்து எங்கள் கூட்டம் காலை பத்து மணிக்கு, அவர்கள் ஊர்ப் புளியமரத்தடியில்.